கூனும் குணமும்

கூன் என்பது தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. கலித்தொகையின் மருதக்கலியிலே அரண்மனைப் பணியாளராகிய கூனியும் குறளனும் ஒருவர் உடலை மற்றவர் எள்ளி நகையாடி, ஈற்றில் ஒருவரையொருவர் விரும்பிக் கூடுவதைக் காண்கிறோம். கம்பன் படைத்த மந்தரையின் முதுகிலே இராமன் சிறுவனாயிருந்தபோது எய்த மண்ணுருண்டை பட்டது. அந்த நோவு ஓர் அரசின் போக்கையே மாற்றியது. கூன்பாண்டியனின் கூன் திருஞானசம்பந்தரின் அருளால் நிமிர, அவன் நின்றசீர் நெடுமாறன் ஆயினான் எனச் சைவ மரபு கூறும். ஆகவே வளைந்த முதுகு நம் முன்னோரின் கண்ணுக்கு மூன்று வகையாகத் தோன்றியுள்ளது எனலாம். ஓரிடத்தில் அது நகைப்பிற்குரியது. ஓரிடத்தில் மனக்கோணலின் புறக்குறி. ஓரிடத்தில் தெய்வ அருளாலன்றி நீங்காத வினைப்பயன்.

வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இந்நூல்களின் உரைகளைப் புரட்டிய நாள்களில் எனக்கு ஒரு வினா எழுந்ததுண்டு. மந்தரையின் முதுகு எப்போது வளைந்தது? பிறக்கும்போதேயா, பிள்ளைப் பருவத்திலா, முதுமையிலா? வளையத் தொடங்கிய காலத்தில் அவள் தாய் அதைக் கண்டாளா? கண்டிருந்தால் தடுத்திருக்க முடியுமா? இவற்றுக்கு விடை கூறும் கடப்பாடு இலக்கியத்திற்கு இல்லை. கம்பனுக்கு வேண்டியது மந்தரையின் சூழ்ச்சியே யன்றி அவளது நோய் வரலாறு அன்று. ஆயின் இதே வினாவைத் தம் வாழ்நாள் வினாக்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்ட ஒருவர் நம் காலத்தில் தமிழ்நாட்டிலே வாழ்கிறார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் அவர்களே அவர். அவருடைய ஆய்வுப் பணியையும், அறிவுலகில் அது பெற்ற செல்வாக்கையும் பற்றி ஒரு கலைப்பீட மாணவனுக்குத் தோன்றும் சில எண்ணங்களை இங்குக் கூற விழைகிறேன்.

கலைப்பீட மாணவன் ஒருவன் சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று வீட்டிலிருந்து வந்தது. மற்றது விரிவுரை மண்டபத்திலிருந்து வந்தது.

எங்கள் ஆச்சிக்கு ஒரு தங்கை இருந்தார். நாங்கள் அவரைச் சின்னாச்சி என்போம். வடமராட்சியிலே பிறந்தவர். ஐந்து வயதளவில் அவருக்கு நீண்ட காய்ச்சலும் முதுகு நோவும் வந்தனவாம். நோயின் பெயரை எவரும் அறியார். பரியாரியார் எண்ணெய் கொடுத்தார், பலகையிலே படுக்கவைத்தனர். ஈராண்டு கழிய நோவு தானாகவே அடங்கிற்று. பிள்ளை எழுந்து நடந்தாள். குடும்பத்தார் கோயிலுக்குப் பொங்கினர். ஆயின் முதுகின் நடுவே ஒரு முள் துருத்திக்கொண்டு நின்றது. அடுத்து நிகழ்ந்ததை ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்குச் சட்டை தைக்கும்போது, சின்னாச்சியின் சட்டைக்கு மட்டும் பின்புறத் துணியை முன்புறத்தைவிட நீளமாக வெட்ட வேண்டியிருந்ததாம். ஒவ்வோர் ஆண்டும் அந்த வேறுபாடு கூடிக்கொண்டே போயிற்று. பதினாறு பதினேழு வயதிலேதான் அது நின்றது. நோய் போய்விட்டது என்று எல்லோரும் நம்பியிருந்த பத்து ஆண்டுகளில் கூன் வளர்ந்துகொண்டிருந்தது.

முதுமையிலே அவர் எங்களுடன் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வாழ்ந்தார். மின்தூக்கி பழுதுற்ற நாள்களில் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றி மூன்று மாடி ஏறுவார். பின்னர்க் கால்கள் மெல்ல மெல்ல வலுவிழந்தன. வைத்தியர் ஒருவர் கதிர்ப்படத்தை ஒளியிலே பிடித்துக் காட்டி, இது பிள்ளைப் பருவத்துக் காசநோயின் பழைய வடு என்றும், வளைந்த எலும்பின்மீது இழுபட்டு இழுபட்டே முண்ணாண் தளர்ந்துவிட்டது என்றும் விளக்கினார். சின்னாச்சிக்கு எழுபத்தைந்து வயதுவரை தம் நோயின் பெயர் தெரியாது. அவர் காலமான பின்னர், அந்த நோயைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அவ்வாசிப்பிலேதான் கோயம்புத்தூர் வைத்தியரின் பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது.

முள்ளந்தண்டுக் காசநோய் மிகப் பழைய நோய்களுள் ஒன்று. பண்டை எகிப்தின் பதப்படுத்திய உடல்களிலும் அதன் தடயம் காணப்பட்டுள்ளது. இலண்டனைச் சேர்ந்த பேர்சிவல் பொட் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர் 1779இல் இதனை விரிவாக விவரித்தமையால் அவர் பெயராலேயே இந்நோய் இன்றும் வழங்கப்படுகிறது. கிருமியை றொபேட் கொக் கண்டறிந்தது 1882இல். கிருமி முள்ளென்புகளின் முன்பகுதியை அரித்துவிட, மேலுள்ள உடற்பாரம் முன்னோக்கிச் சரிகிறது, முதுகு கூனுகிறது. பயன்தரும் மருந்துகள் 1940களின் நடுப்பகுதியிலிருந்தே வரத் தொடங்கின. சின்னாச்சியின் நோய் அம்மருந்துகள் வடமராட்சிக்கு வந்து சேர்வதற்கு முற்பட்டது.

மருந்து வந்தபின் வைத்திய உலகில் ஒரு பெரும் விவாதம் எழுந்தது. ஹொங்கொங்கிலே ஹொட்ஜ்சன், ஸ்ரொக் என்னும் இருவர், முன்புறமாகச் சென்று நோயுற்ற எலும்பை முற்றாக அகற்றி, அவ்விடத்தில் நல்ல எலும்பைப் பொருத்தும் சத்திரசிகிச்சையை 1956இல் அறிவித்தனர். இதனை எல்லோருக்கும் செய்ய வேண்டுமா, மருந்து மட்டும் போதுமா என்பதே விவாதம். இதைத் தீர்க்கும் பொருட்டுப் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் கொரியா, ஹொங்கொங், றொடீசியா, இந்தியா ஆகிய இடங்களில் ஒப்பீட்டு ஆய்வுகளை நடத்துவித்தது. படுக்கையிலே கிடத்துவதாலோ சாந்துக் கவசம் பூட்டுவதாலோ கூடுதற் பயன் இல்லை என்பது கொரிய ஆய்வுகளால் விளங்கிற்று. பலகையிலே கிடந்த சின்னாச்சியின் இரண்டு ஆண்டுகளை எண்ணிப் பார்க்கிறேன்.

இந்திய ஆய்வு சென்னையிலே நடந்தது. சென்னைக்கு இத்துறையில் ஏற்கெனவே ஒரு தனிப் பெருமை உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம், நுரையீரற் காசநோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது. நோயாளரை ஊருக்கு வெளியே ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கும் வழக்கம் அதனால் ஆட்டங்கண்டது. ஏழைகளின் குடிசைகளிலிருந்து எழுந்த அறிவு செல்வந்த நாடுகளின் நடைமுறையை மாற்றிய அரிய நிகழ்ச்சி அது. அதே மரபில் 1975இல் தொடங்கிய முள்ளந்தண்டு ஆய்வு, நோயாளர் நடமாடியபடியே குறுகிய காலம் மருந்துண்டாலும் பெரும்பாலோர் குணமடைவர் என்று காட்டியது. இந்தச் சூழலிலேதான் ராஜசேகரன் இளம் ஆய்வாளராக உருவானார். சென்னையின் மூத்த என்புச் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ரி. கே. சண்முகசுந்தரம் அவர்களுடன் இணைந்து அவர் எழுதிய முதற் பெருங்கட்டுரை 1987இல் அமெரிக்காவின் என்பு மூட்டுச் சத்திரசிகிச்சை இதழில் வெளிவந்தது.

இங்கே ஒரு சொல்லைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். அச்சொல் 'குணம்' என்பது. அப்பன்னாட்டு ஆய்வுகளில் ஒரு நோயாளி குணமடைந்தார் எனக் கொள்வதற்குச் சில நிபந்தனைகள் வகுக்கப்பட்டிருந்தன. சீழ்க்கட்டி இருத்தலாகாது, கைகால் இயக்கம் குன்றியிருத்தலாகாது, வேலை செய்யத் தடை இருத்தலாகாது, கதிர்ப்படத்தில் நோய் ஓய்ந்திருத்தல் வேண்டும். கூன் எத்துணை என்பது அந்நிபந்தனைகளுள் இல்லை. எனவே முதுகு எழுபது பாகை வளைந்த பிள்ளையும் ஏட்டின்படி குணமடைந்தவளே. தமிழிலே குணம் என்ற சொல்லுக்கு நோய் நீக்கம் என்றும் இயல்பு என்றும் இரு பொருள் உண்டு. கூனியின் குணத்தைப் பற்றி நம் இலக்கியம் நிறையப் பேசிற்று. கூனியின் குணப்பாட்டைப் பற்றி எவரும் பேசவில்லை. நோய் தீர்ந்த பின்னரும் எஞ்சியிருக்கும் ஊறுபாட்டைக் கணக்கிலெடுக்க வேண்டும் என்பதே ராஜசேகரனின் ஆய்வுக்கு அடிநாதம் என நான் கருதுகிறேன்.

1987ஆம் ஆண்டுக் கட்டுரையின் பொருள் வெளிப்பார்வைக்கு எளியது. சத்திரசிகிச்சை இன்றி மருந்தால் மட்டும் குணமாகும் நோயாளியின் கூன் ஈற்றில் எவ்வளவாகும் என்பதை முதல் நாளே கூற முடியுமா? முடியும் என்றது கட்டுரை. தொடக்கத்தில் அழிந்துள்ள முள்ளென்பின் அளவைக் கணித்து, அதனை 30.5ஆல் பெருக்கி, 5.5ஐக் கூட்டினால் இறுதிக் கூனின் கோணம் பாகையிற் கிடைக்கும். ஒன்றரை முள்ளென்பு அழிந்திருந்தால் கூன் ஏறத்தாழ 51 பாகையில் வந்து நிற்கும் என்பது இதன் பொருள். விதி என்று நெற்றியிலே எழுதப்பட்டதாகக் கருதப்பட்ட ஒன்று, கதிர்ப்படத்தில் அளந்து அறியத்தக்க கணக்காக மாறியது. கணக்கிட முடிந்ததைத் தடுக்க முயலலாம். விதியைத் தடுக்க எவரும் முயல்வதில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின், 1989இல், சௌந்தரபாண்டியன் என்பவருடன் எழுதிய கட்டுரையில் தம் துறையின் ஆயுதத்தையே ராஜசேகரன் சோதனைக்கு உட்படுத்தினார். எலும்பை அகற்றிப் புதிய எலும்பைப் பொருத்திய நோயாளரிலும் கூன் வளர்ந்தது உண்டு. இரண்டு இடைத்தட்டு இடைவெளிகளை விஞ்சிய நீண்ட ஒட்டெலும்பு சரிந்துபோகும் வாய்ப்பு மிகுதி என்று அக்கட்டுரை காட்டியது. சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் சத்திரசிகிச்சையின் எல்லையைத் தாமே வரைந்து காட்டுவது எளிதான செயலன்று.

ஆயினும் அவரது ஆய்வுகளுள் என்னை மிகவும் ஈர்த்தது 2001இல் பிரித்தானிய என்பு மூட்டுச் சத்திரசிகிச்சை இதழில் வெளிவந்த கட்டுரையாகும். முள்ளந்தண்டுக் காசநோயுற்ற 61 சிறுவர். அவர்களைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுத்த கதிர்ப்படங்கள். இவ்வளவே அதன் மூலப்பொருள். பெரும் பொறிகள் எவையும் இல்லை. பதினைந்து ஆண்டு என்பது எத்துணைக் காலம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து வயதில் வந்த பிள்ளை இருபது வயது இளைஞனாகும் காலம் அது. நோய் தீர்ந்துவிட்டது, மருந்து நின்றுவிட்டது, குடும்பம் வறியது, ஒரு நாட் கூலியை இழந்து நெடுந்தூரம் வரவேண்டும். அந்நிலையிலும் அவர்கள் மீண்டும் மீண்டும் வந்து படம் பிடிக்க முதுகைக் காட்டியிருக்கின்றனர். ஆய்வாளரின் பொறுமையைப் போற்றும் நாம் அப்பிள்ளைகளின் பொறுமையையும், அவர்களைக் கைபிடித்து அழைத்துவந்த தாய்மாரின் பொறுமையையும் மறத்தலாகாது. கட்டுரையின் தலைப்பில் அவர்கள் பெயர் இல்லை.

அந்தப் பதினைந்து ஆண்டுப் பார்வை வெளிப்படுத்திய உண்மை எவரும் எதிர்பாராதது. வளர்ந்தோரில் நோய் அடங்கியதும் கூனும் நின்றுவிடும். சிறுவரில் அவ்வாறன்று. நோய் முற்றாகத் தீர்ந்த பின்னரும் வளர்ச்சி நிற்கும்வரை கூன் மாறிக்கொண்டேயிருக்கும். அவர்களுள் 39 வீதத்தினரில் கூன் மேலும் வளர்ந்தது. 17 வீதத்தினரில் பெரிதும் மாறவில்லை. 44 வீதத்தினரில் வளர வளரக் கூன் தானாகவே குறைந்தது. அதே நோய், அதே மருந்து, அதே வறுமை. ஆயினும் ஒரு பிள்ளையின் முதுகை நிமிர்த்திய வளர்ச்சியே இன்னொரு பிள்ளையின் முதுகை மடித்துப் போட்டது. ஆச்சி சொன்ன சட்டைத் துணியின் கணக்கு இதனுள் எங்கே அடங்கும் என்பதை வாசித்த மாத்திரத்திலேயே அறிந்துகொண்டேன். ஊர்த் தையற்காரி ஆண்டுதோறும் முழக்கோலால் அளந்ததையே இவர்கள் கதிர்ப்படத்தால் அளந்திருக்கிறார்கள். வேறுபாடு யாதெனின், தையற்காரி அளந்தது நேர்ந்துவிட்ட வளைவை. இவர்கள் தேடியது நேரவிருக்கும் வளைவின் அடையாளத்தை.

அந்த அடையாளங்கள் நான்கு. முள்ளென்புகளைப் பின்புறத்தே பிணைக்கும் சிறு மூட்டுக்கள் விலகுதல்; அரிக்கப்பட்ட எலும்புத் துண்டு பின்னோக்கித் தள்ளப்படுதல்; மேலுள்ள எலும்பு பக்கவாட்டில் நழுவுதல்; மேலெலும்பு கீழெலும்பின்மீது குப்புறச் சாய்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இரண்டுக்கு மேற்பட்ட புள்ளி பெறும் பிள்ளையின் முதுகு ஆபத்துக்குள்ளானது. கூன் 60 பாகையைக் கடக்கக்கூடும். அப்பிள்ளைக்கு உரிய வேளையிலேயே சத்திரசிகிச்சை வேண்டும். ஏனையோரைக் கத்தியின்றியே விடலாம். இவ்வடையாளங்கள் நோயின் தொடக்கக் கட்டத்திலேயே தென்படுகின்றன என்பது இவற்றின் சிறப்பு. இவற்றைக் காண விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சாதாரண எக்ஸ்றேப் படம் போதும். நெடுந்தொலைவிலுள்ள ஆபிரிக்க மாவட்ட வைத்தியசாலையிலும் வைத்தியர் ஒருவர் படத்தை ஒளியிலே பிடித்து இவற்றை எண்ணிவிடலாம். அறிவு பரவுவதற்கு அது எளிமையாயிருத்தலும் ஒரு தகுதி எனலாம்.

இவ்வாறு காசநோயிலே தொடங்கிய பார்வை பின்னர் இடைத்தட்டின் பக்கம் திரும்பியது. வெள்ளவத்தையிலே நாரி நோவு இல்லாத வீடு அரிது. காலி வீதியில் நாள் முழுதும் ஓட்டோ செலுத்துவோரும், கடைகளிலே நின்றபடி துணி விரிப்போரும், கணக்கேட்டின்முன் குனிந்திருப்போரும் 'தட்டு விலகிவிட்டது' என்று கூறக் கேட்கிறோம். முள்ளென்புகளுக்கு இடையேயுள்ள அந்தத் தட்டு மனித உடலிலே குருதிக்குழாய் செல்லாத மிகப் பெரிய உறுப்பாகும். அப்படியாயின் அது எவ்வாறு உணவு பெறுகிறது? மேலும் கீழுமுள்ள முனைத்தகடுகளினூடே ஊறிவரும் ஊட்டத்தைக் கொண்டே அது உயிர்வாழ்கிறது. ராஜசேகரனும் குழுவினரும் மனிதரின் குருதியிலே ஒரு நிறப்பொருளைச் செலுத்தி, 24 மணித்தியாலம் காந்தப்படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து, அந்த ஊறலைப் பின்தொடர்ந்தனர். எலும்பிலே நிமிடங்களில் வந்து சேரும் பொருள் தட்டின் நடுவே உச்ச அளவை எட்ட ஆறு மணித்தியாலம் அளவில் ஆகிறது. முனைத்தகடு பழுதுறின் அவ்வூறலின் ஒழுங்கு கெடுகிறது. தட்டின் நலிவுக்குத் திறவுகோல் தட்டிலே இல்லை, அதன் வாயிலிலே உள்ளது என்பது அவ்வாய்வு உணர்த்திய கருத்து.

இடுப்பு முள்ளந்தண்டு ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் பரிசை இந்த ஆய்வு 2004இல் பெற்றது. அதே பரிசு 2010, 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவரது குழுவின் ஆய்வுகளுக்கும் கிடைத்தது. இவற்றுள் 2013ஆம் ஆண்டு ஆய்வு, தட்டுப் பிதுங்கலுக்காகச் சத்திரசிகிச்சை பெற்ற 181 பேரை ஆராய்ந்தது. தட்டின் வெளிவளையம் கிழிவதாலேயே பிதுங்கல் நேர்கிறது என்பது பாடநூற் கொள்கை. ஆனால் 117 பேரில், அதாவது 65 வீதத்தினரில், முனைத்தகடும் தட்டும் சேரும் பொருத்துவாயே உடைந்திருந்தது. கதிர்ப்படத்திலே தொடங்கி, காந்தப்படத்தால் வளர்ந்து, 2017இல் புரதங்களின் பகுப்பாய்வுவரை இக்குழு சென்றது. மூப்பின் விளைவு எனக் கருதப்பட்ட தட்டு நலிவின் தொடக்கத்தில் கிருமிக்கும் பங்கு உண்டோ என்பதே அவ்வாண்டு எழுப்பிய வினா. அது இன்னும் முடிவுறாத வினா. முடிவுறாத வினாவை எழுப்பும் துணிவும் ஆய்வாளனின் இலக்கணமே.

இப்பணிகள் நடைபெற்ற இடத்தையும் நோக்குதல் தகும். கங்கா மருத்துவமனை 1978இல் ராஜசேகரனின் பெற்றோரால் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட தனியார் நிலையம். பல்கலைக்கழக நகரங்களின் பெருநிதி அதற்குப் பின்னால் இல்லை. தெருவிபத்திலே கால் நைந்து வருவோர் அங்கே பலர். அக்காலைக் காப்பதா, அகற்றுவதா என்பது நள்ளிரவிலே எடுக்கவேண்டிய தீர்ப்பு. தோல், எலும்பு, தசை நரம்பு ஆகியவற்றின் சேதத்திற்கும் நோயாளியின் பிற நோய்களுக்கும் புள்ளியிட்டு அத்தீர்ப்புக்கு வழிகாட்டும் அளவுகோல் ஒன்றை இக்குழு 2006இல் வெளியிட்டது. 14 புள்ளியும் அதற்குக் குறைவும் ஆயின் காலைக் காக்கலாம்; 17உம் அதற்கு மேலும் ஆயின் அகற்றுதல் நன்று; இடைப்பட்டவை வைத்தியரின் தேர்ச்சிக்கு உரியன. அவ்வளவுகோல் உலகெங்கும் கங்கா மருத்துவமனையின் பெயராலேயே வழங்குகிறது. தமிழ் மண்ணின் பெயரொன்று மருத்துவக் கலைச்சொல்லாகி நிற்பதைக் காண்கையில் மகிழ்ச்சி தோன்றுவது இயல்பே. ஆயின் பணமும் கடவுச்சீட்டும் உடையோர் இங்கிருந்து தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு விமானமேறுகையில், அவை இல்லாதோர் காத்திருக்கின்றனர் என்பதையும் வெள்ளவத்தையில் வாழும் ஒருவன் மறக்க இயலாது. அறிவு எளிமையாகப் பரவலாம். சிகிச்சை அவ்வளவு எளிமையாகப் பரவுவதில்லை.

இனி எனது இரண்டாவது காரணத்திற்கு வருகிறேன். ஆய்வாளர் ஒருவரின் செல்வாக்கை எதனால் அளப்பது என்னும் வாதம் எங்கள் விரிவுரை மண்டபங்களில் அடிக்கடி எழுவதுண்டு. எத்தனை கட்டுரை எழுதினார், எத்தனை பேர் மேற்கோள் காட்டினர், எந்தப் பதவியை வகித்தார் என்பன இன்று வழங்கும் அளவைகள். இவ்வளவைகளாலும் ராஜசேகரன் உயர்ந்தவரே; என்புச் சத்திரசிகிச்சையாளரின் உலக அமைப்பாகிய சிக்கொட்டின் தலைவராகவும் விளங்கியவர். ஆயினும் அவரது செல்வாக்கு உண்மையில் எங்கே உறைகிறது என்று வினவினால், எனக்குத் தோன்றும் விடை வேறு. பெயரறியாத ஊரொன்றில், அவரைக் கேள்விப்பட்டிராத இளம் வைத்தியர் ஒருவர், காசநோயிலிருந்து மீண்ட பிள்ளையின் படத்தைப் பார்த்து, 'இது குணமாகிவிட்டது, போகலாம்' என்று சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்கி அந்நான்கு அடையாளங்களைத் தேடுவாராயின், அந்தத் தயக்கமே செல்வாக்கு. அது எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

கலைப்பீடத்தாராகிய நாம் இதிலிருந்து கற்கவேண்டியது உண்டு. நாமும் ஆய்வு செய்கிறோம். இடம்பெயர்ந்தோரையும், போரிலே உறவிழந்தோரையும், தோட்டத் தொழிலாளரையும் சென்று கண்டு அவர்கள் கதைகளைப் பதிவுசெய்கிறோம். ஆய்வேட்டைக் கட்டி ஒப்படைக்கிறோம். அதன்பின் அக்கிராமத்திற்கு நாம் திரும்பிச் செல்வதில்லை. 2009இல் போர் முடிந்தபோது ஐந்து வயதாயிருந்த பிள்ளை இன்று பல்கலைக்கழகத்தில் என்னருகே அமர்ந்திருக்கக்கூடும். போர் முடிந்தது என்று ஏடு கூறுகிறது. அப்பிள்ளையினுள்ளே எது நிமிர்ந்தது, எது வளைந்தது என்பதைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? ஒரு முறை கேட்டு எழுதுவது செய்தி. திரும்பத் திரும்பச் சென்று கேட்பதே ஆய்வு என்று எனக்குப் படுகிறது. காயம் ஆறிய பின்னரும் வளர்ச்சியே காயத்தைப் பெருப்பிக்கக்கூடும் என்னும் உண்மை முள்ளந்தண்டுக்கு மட்டும் உரியதன்று.

இன்னொன்றும் கூறவேண்டும். இவ்வாய்வுகள் அனைத்தும் ஆங்கிலத்தில் உள்ளன. சென்னை ஏழைப் பிள்ளைகளின் முதுகிலிருந்து பெற்ற அறிவை, அப்பிள்ளைகள் படித்தறியக்கூடிய மொழியிலே தேடினால் கிடைப்பது அரிது. இது அந்த வைத்தியரின் குறையன்று. உலக அறிஞருடன் உரையாட உலக மொழி வேண்டும். ஆயின் இங்கே மொழி கற்போருக்கு ஒரு கடமை உண்டு. யாழ்ப்பாணத்தில் இது புதிய எண்ணமும் அன்று. 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக ஈழத்திற்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, தம் மாணவரின் துணையுடன் பெருநூல்களைத் தமிழாக்கினார். 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூல் 1867இல் வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழிலே எழுதப்பட்ட சத்திரசிகிச்சை, இன்று தமிழரே முன்னணியில் நின்று வளர்க்கும் காலத்தில் தமிழிலே எழுதப்படாதிருப்பது முரணாகும். மருத்துவ பீடத்தாரும் கலைப்பீடத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்தால் இம்முரண் நீங்கும். கூனுக்கு எத்தனையோ சொற்களை அறிந்த மொழி, கூனைத் தடுக்கும் வழிக்கும் சொற்களைக் காணாது போகாது.

இலக்கியத்தின் பார்வையைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. மந்தரையின் மனத்தைக் கம்பனைப்போல் எந்தக் கதிர்ப்படமும் காட்டாது. ஆயினும் இனி அப்படலத்தைக் கற்கும் மாணவர், அவள் முதுகு என்ன பொருளைக் குறிக்கிறது என்று கேட்பதோடு அமையாது, அது என்ன காரணத்தால் வளைந்தது என்றும் கேட்டுப் பழகுதல் நன்று. அவ்வாறு கேட்கப் பழகியவர்கள் தம் அயலிலே முதுகு நோவு என்று முறையிடும் பிள்ளையின் காய்ச்சலை அசட்டை செய்யமாட்டார்கள். காசநோய் நம் நாட்டை விட்டு இன்னும் நீங்கிவிடவில்லை. உரிய வேளையில் எடுக்கும் ஒரு படமும், மாதக்கணக்கில் தவறாது உண்ணும் மருந்தும், மருந்து நின்ற பின்னும் ஆண்டுதோறும் பார்க்கும் ஒரு கண்ணும் இருந்தால் போதும். ஒரு பிள்ளையின் சட்டைக்கு முன்னும் பின்னும் ஒரே அளவாகத் துணி வெட்டலாம்.